தக்காளியிலும் செடி உண்டு, கொடி உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழின் வீட்டுத் தோட்டப் பகுதியில் தக்காளி வளர்ப்பு பற்றி வந்த குறிப்பைப் படித்தவர்களில் பாதிப் பேராவது இந்நேரம் கத்தரிக்கோலும் கையுமாக மொட்டை மாடிக்குப் போயிருப்பார்கள். இலைக்கணுவில் எட்டிப் பார்க்கும் பக்கக் கிளைகளை உடனுக்குடன் கிள்ளி எறிந்தால் மகசூல் இரட்டிப்பாகும் என்று அதில் இருந்தது. எந்த ரகத்துக்கு என்று இல்லை. எந்த மாதம் விதைப்பது என்றும் இல்லை. ரகத்தின் பெயரைச் சொல்லாமல் தக்காளி வளர்க்கச் சொல்வது, அரிசியின் பெயரைச் சொல்லாமல் பிரியாணிக்குத் தண்ணீர் அளவு சொல்வது மாதிரி.

செடி அவரை, கொடி அவரை என்று பிரித்துக் கேட்டு விதை வாங்கும் நாம், தக்காளியை மட்டும் வெறும் தக்காளி என்றே வாங்குகிறோம். தக்காளியிலும் இந்த இரண்டு வகை உண்டு. செடித் தக்காளி இரண்டரை, மூன்று அடி உயர்ந்ததும் நுனியிலேயே பூங்கொத்து வைத்து, அத்தோடு மேலே போவதை நிறுத்திக்கொள்ளும். அதன்பின் அது காய்ப்பதெல்லாம் பக்கக் கிளைகளில்தான். அந்தக் கிளையைக் கிள்ளினால் காயைக் கிள்ளியதாகத்தான் கணக்கு. கொடித் தக்காளிக்கு நுனி நிற்காது; ஆறு அடி, எட்டு அடி என்று ஏறிக்கொண்டே போகும். அதைக் கயிற்றில் ஒற்றைத் தண்டாக ஏற்றுகிறவர்கள் பக்கக் கிளையைக் கிள்ளுவது சரி. வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுவது பெரும்பாலும் இந்தக் கொடி ரகங்களைத்தான். நம் ஊர் விதைக் கடையில் பத்து, இருபது ரூபாய்க்குத் தரும் பொட்டலங்களில் பெரும்பாலும் இருப்பது செடி ரகம், அல்லது இரண்டுக்கும் நடுவிலான அரைக்கொடி.

பொட்டலம் தொலைந்துபோய்விட்டால் செடியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஒரு பூங்கொத்துக்கும் அடுத்த பூங்கொத்துக்கும் இடையில் இலைகளை எண்ணுங்கள். கடைசிவரை ஒழுங்காக மூன்று மூன்று இலை விட்டுப் பூத்தால் கொடி. மேலே போகப் போக இரண்டு, ஒன்று என்று குறைந்து, கடைசியில் பூங்கொத்தோடு முடிந்தால் செடி. செடி ரகத்தில் கத்தரிக்கவேண்டியது ஒன்றே ஒன்று: முதல் பூங்கொத்துக்குக் கீழே, மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் இலைகள். தண்ணீர் ஊற்றும்போது தெறிக்கும் மண்ணிலிருந்து கருகல் நோய் முதலில் ஏறுவது அந்த இலைகளில்தான். காற்றோட்டம் வேண்டும் என்று மேல் இலைகளை உருவிவிட்டால், மாசி, பங்குனி வெயில் நேரே காயின் தோளில், அதாவது காம்பைச் சுற்றிய மேல்பகுதியில், அடித்து, வெளுத்த கொப்புளம்போல் ஒரு திட்டு விழும். பிறகு அந்த இடம் அழுகும். மதுரையில் தக்காளிக்கு இலைதான் குடை.

தொட்டியின் அளவும் செடியா கொடியா என்பதை வைத்தே முடிவாகிறது. செடி ரகத்துக்கு 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள பை போதும்; சுமார் 20 லிட்டர் பிடிக்கும். காலியான 20 லிட்டர் பெயின்ட் வாளியில் அடியில் நாலைந்து ஓட்டை போட்டாலும் அதே வேலை நடக்கும். கொடி ரகத்துக்கு 15 அங்குலப் பை, அதாவது 40 லிட்டருக்கு மேல் வேண்டும். சின்னப் பையில் கொடியை வைத்தால் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் தீர்ந்துபோகும். பைக்கு ஒரு செடிதான். இடம் இருக்கிறதே என்று இரண்டு வைத்தால் இரண்டும் நோஞ்சானாகவே நிற்கும்.

இனி, குறிப்பில் விட்டுப்போன மாதத்துக்கு வருகிறேன். ரகத்தைவிட இதுதான் பெரிய விஷயம் என்றுகூடச் சொல்வேன். தக்காளி பூப்பதற்குப் பகல் வெயில் தடையில்லை. பூ காயாவதற்கு இரவு குளிர்ச்சி வேண்டும். இரவு 15 முதல் 21 டிகிரி வரை இருந்தால் நன்றாகக் காய் பிடிக்கும். பகல் 35-ஐத் தாண்டி இரவும் 25-க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் வீரியம் இழக்கும். மகரந்தம் வந்து விழவேண்டிய சூல்முடி மகரந்தக் கூம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொள்ளும். பூக்காம்பின் நடுவில் உள்ள கணு மஞ்சளாகி, பூ தானாக உதிரும். மதுரையில் இரவு 20, 21 டிகிரிக்கு இறங்குவது மார்கழி, தையில்தான். சித்திரை, வைகாசியில் பகல் 38, 40, இரவு 26. அழகர் ஆற்றில் இறங்கும் சமயத்தில் பூவெடுக்கும்படி விதைத்தவர்கள் பூவைத்தான் பார்ப்பார்கள், காயைப் பார்க்கமாட்டார்கள். பூ உதிர்கிறது என்று அவர்கள் உரக்கடைக்கு ஓடுகிறார்கள். குறை உரத்தில் இல்லை.

பச்சை நிழல்வலை கட்டினால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. வலை பகலை ஆற்றும், இரவை ஆற்றாது. பகல் முழுக்கச் சூடு குடித்த கான்கிரீட் தளம் இரவெல்லாம் அதைத் திருப்பித் தந்துகொண்டே இருக்கும். பையை நேரே தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல் மேலேற்றி வைத்தால் வேர் கொஞ்சம் தப்பிக்கும். வலை கட்டுவதானால் 35 சதவீத நிழலுக்கு மேல் வேண்டாம். 75 சதவீத வலைக்கடியில் தக்காளி தழையாக வளருமே தவிரப் பூக்காது.

ஆகவே நம் பகுதிக்கு முதல் பட்டம் ஐப்பசிக் கடைசி. நவம்பர் 10 வாக்கில் விதைத்தால் 25 நாள் நாற்று டிசம்பர் முதல் வாரம் பைக்குப் போகும். மார்கழிக் கடைசியில் பூ. மாசியில் முதல் பறிப்பு. பங்குனி வெயில் முற்றுவதற்குள் அறுவடையில் பெரும்பங்கு முடிந்திருக்கும். புரட்டாசியில் அவசரப்பட்டு விதைத்தால் இளஞ்செடி வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்ளும். பூ கொட்டுவதும் இலை கருகுவதும் சேர்ந்தே வரும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது மானாவாரி நிலத்துக்குச் சொன்ன சொல், மாடித் தக்காளிக்கு இல்லை. ஆனியில் விதைத்தும் காய் எடுக்கலாம். ஆனால் ஆகஸ்ட் இரவுகள் இன்னும் சூடாகவே இருக்கும், ஆடிக் காற்று மொட்டை மாடியில் தண்டை முறிக்கும். முளைக்குச்சியோடு கட்டி வைத்து, பாதி விளைச்சலை எதிர்பார்த்தால் ஏமாற்றம் இருக்காது.

இப்போது ரகங்கள். நம் பக்கத்து ரகம் என்றால் பி.கே.எம்-1. இன்றைய பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில், அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து சடுதி மாற்ற முறையில், அதாவது மரபணுவில் திடீர் மாற்றத்தைத் தூண்டி, 1970-களின் இறுதியில் எடுத்தது. தேனிக்குப் பக்கத்தில் அதே பெயரில் ஊர் இருக்கிறது. செடி வகை, நெருக்கி நடலாம், காய் தட்டை உருண்டையாக, தோளில் கரும்பச்சைப் பட்டையோடு இருக்கும். விதைத்ததிலிருந்து 135 நாளில் ஆயுள் முடிகிறது. மேலே சொன்ன பட்டத்தில் அது பங்குனியோடு சரியாகப் பொருந்துவதைப் பாருங்கள். ஹெக்டேருக்கு 30 முதல் 35 டன் என்று சொல்வதை நம் மாடிக்குக் கொண்டுவந்து பார்த்தால், 60-க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு சுமார் 37,000 செடி. அதாவது செடிக்கு 800 முதல் 950 கிராம். ஆறு பை வைத்தால் மொத்தம் ஐந்தாறு கிலோ. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இதைவிடக் கூடும். 'ஒரே செடியில் 15 கிலோ' என்ற தலைப்புகளைப் பார்த்து பை வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

அந்தத் தோள் பச்சையைக் கண்டு காய் பழுக்கவில்லை என்று ஒதுக்கிவைப்பவர்கள் உண்டு. தோளில் கரும்பச்சை இருக்கும் காயில் பச்சையம் அதிகம். காய் தனக்கான சர்க்கரையில் ஒரு பகுதியைத் தானே தயாரிக்கிறது. ஒரே சீராக வெளிறிப் பழுக்கவேண்டும் என்று தேர்ந்தெடுத்த ரகங்களில் இந்தத் திறன் குறைந்துபோனதை 2012-ல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. ரசத்துக்கும் சட்னிக்கும் நாட்டுத் தக்காளிதான் என்று அடம்பிடிக்கும் பாட்டிமார் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

'நாட்டு' என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. உழவர் சந்தையில் நாட்டுத் தக்காளி என்று கூறு கட்டி வைத்திருப்பதெல்லாம் பழைய உள்ளூர் ரகம் இல்லை. புளிப்பும் சாறும் மெல்லிய தோலும் இருந்தால் நாடு. கெட்டித் தோலும் சதையுமாக நாலு நாள் தாங்கினால் பெங்களூர்த் தக்காளி. சமையலறைப் பிரிப்பு அவ்வளவுதான். சொல்லப்போனால் பழைய தமிழில் தக்காளி என்றால் வேலியோரச் சொடக்குத் தக்காளி. இப்போது நாம் குழம்பில் போடும் தக்காளிக்கு அன்று பெயர் சீமைத் தக்காளி.

பூசா ரூபி எல்லாக் கடையிலும் கிடைக்கும். டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ரகம். மெல்லிய தோல், நல்ல புளிப்பு, சீக்கிரம் காய்க்கும். பரந்து படரும் என்பதால் முளைக்குச்சி இல்லாமல் விடக்கூடாது. இலைச்சுருட்டு நோய்க்கு எளிதில் விழுந்துவிடும். அதனால் மார்கழி, தைச் செடியாக மட்டுமே வைப்பது நல்லது.

கடையில் கோ-3 என்று கேட்பவர்கள் கவனிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் கோ-3 என்ற எண்ணில் இரண்டு தக்காளி இருக்கின்றன. ஒன்று மருதம் என்று அழைக்கப்படும் பழைய ரகம்; விதை எடுத்து வைக்கலாம். இன்னொன்று பின்னால் வந்த வீரிய ஒட்டு, அதாவது இரண்டு வகைகளைக் கலந்து எடுத்த ஹைபிரிட்; விதை எடுத்து வைத்தால் அடுத்த முறை கலப்படமாக முளைக்கும். ரகமா, ஒட்டா என்று கேட்டு வாங்குங்கள்.

இலைச்சுருட்டு நோய் ஒருமுறை வந்து தோட்டத்தையே எடுத்துப்போன இடங்களில் அர்க்கா ரக்ஷக் அல்லது அர்க்கா சாம்ராட் வைப்பதே புத்திசாலித்தனம். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் வீரிய ஒட்டுகள் இவை. இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும். விதையை நிலையத்தின் இணையதளத்திலேயே வாங்கலாம். இரண்டும் அரைக்கொடி, நாலரை அடிக் குச்சி வேண்டும். பழம் கெட்டி, நிறம் நல்லது, புளிப்பு மட்டு. தொக்குக்கும் கறிக்குழம்புக்கும் பொருந்தும். ரசத்தில் கொஞ்சம் புளி கூடுதலாகக் கரைக்கவேண்டியிருக்கும். 'தாங்கும்' என்பதை 'வரவே வராது' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நோய் தொற்றினாலும் காய்ப்பு நிற்காது என்பதே அதன் பொருள்.

செர்ரித் தக்காளி ஒரே ஒரு செடி போதும். கொடி வகை, பெரிய பை கேட்கும். சின்னப் பழம் என்பதால் பெரிய பழ ரகங்களைவிடச் சூட்டில் காய் பிடிக்கும். பங்குனி தாண்டியும் ஏதாவது பறிக்கவேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு அது ஒன்றுதான் ஆறுதல். ஆனால் குழம்பில் போட்டால் தோல்தான் மிதக்கும்.

இணையத்தில் விற்கும் வெளிநாட்டுப் பாரம்பரிய விதைகளை, அதாவது ஊதா நிறம், அரைக் கிலோப் பழம், வரிவரியாக இருப்பது ஆகியவற்றை, மதுரையில் வாங்காமல் இருப்பதே மேல். பழம் பெரிதாகப் பெரிதாகக் காய் பிடிக்கக் குளிர்ந்த இரவு அதிகம் வேண்டும். பொட்டலத்தில் 80 நாள் என்று போட்டிருந்தால் அது நாற்று நட்ட நாளிலிருந்து. விதைத்த நாளிலிருந்து எண்ணினால் நூறைத் தாண்டும். அதற்குள் நம் வெயில் வந்துவிடும். கொடைக்கானலில் உறவினர் இருந்தால் அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

இலைச்சுருட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். இதைப் பரப்புவது வெள்ளை ஈ. கத்தரி, வெண்டை, பருத்தி, மரவள்ளி எல்லாவற்றிலும் அது குடியிருக்கும். திருமங்கலம், பேரையூர் பக்கம் பருத்திக் காட்டுக்கு அருகில் வீடு இருப்பவர்கள் கூடுதலாகவே எச்சரிக்கையாக இருக்கவேண்டும். செடி எவ்வளவு இளசாக இருக்கும்போது தொற்றுகிறதோ அவ்வளவு நட்டம்: நாற்றிலேயே வந்தால் காயே இல்லை, காய் பிடித்தபிறகு வந்தால் மகசூல் கொஞ்சம்தான் குறையும். அதனால் முழுக் கவனமும் முதல் 45 நாளில். நாற்றுத் தட்டை அங்குலத்துக்கு 40 கண்ணி உள்ள நைலான் வலையால் முழுசாக மூடுங்கள்; கொசுவலையின் ஓட்டை இந்த ஈக்குத் தாராளம், உள்ளே போய்விடும். பைக்கு மாற்றிய பிறகு செடி நுனி உயரத்தில் மஞ்சள் ஒட்டுப்பொறி இரண்டு. வாரம் ஒருமுறை, லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லியும் ஒரு மில்லி திரவ சோப்பும் கலந்து, சாயங்காலம் இலையின் அடிப்புறம் நனையும்படி தெளிப்பு. வெயிலில் தெளித்தால் இலை கருகும். நுனி இலை மேல்நோக்கிக் கிண்ணம்போல் சுருண்டு, சிறுத்து, ஓரம் வெளிறினால் பாவம் பார்க்காமல் செடியைப் பிடுங்கிப் பைக்குள் கட்டிப் போடுங்கள். மருந்தடித்து அதைக் குணப்படுத்த முடியாது. ஆனால் வெயில் நேரத்தில் கீழ் இலைகள் மட்டும் சுருண்டு, பச்சை மாறாமல் இருந்தால் அது நோய் இல்லை. செடி தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது.

பச்சையாகவே திடீரென்று தொங்கிச் செத்துப்போகும் செடியைச் சந்தேகப்பட்டால், அடித்தண்டை இரண்டு அங்குலம் வெட்டிக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல் இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்த மண்ணில் மறுபடி தக்காளியோ கத்தரியோ மிளகாயோ வைக்கக்கூடாது. கீரைக்கோ வெண்டைக்கோ கொடுத்துவிடலாம்.

காயின் அடிப்பாகம் கறுத்து, தோல்போல் அமுங்குவதை நோய் என்று நினைத்து மருந்து வாங்குகிறார்கள். அது சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. சத்து மண்ணில் இருந்தாலும் தண்ணீரோடு சேர்ந்துதான் அது ஏறவேண்டும். ஒரு நாள் வாளி வாளியாக ஊற்றி, மறுநாள் மறந்துவிட்டால் காய் வரை போகாது. மதுரையில் இதற்கு இன்னொரு காரணம் போர்த் தண்ணீரின் உப்பு; பையின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் பத்து நாளைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரை அடியில் வழிந்தோடும்வரை ஊற்றி உப்பைக் கழுவிவிட வேண்டும். நீளக் காய் ரகங்களில் இது அதிகம், தட்டைக் காயில் குறைவு. உப்புத் தண்ணீர் வீடுகள் பி.கே.எம்-1 பக்கம் சாய இதுவும் ஒரு காரணம். முட்டை ஓட்டுத் தூள் மட்க மாதக்கணக்காகும்; இந்தப் பருவத்துக்கு உதவாது. 20 லிட்டர் பைக்கு மாசியில் நாளொன்றுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர், தினமும் அதே நேரத்தில். மேலே காய்ந்த சருகு இரண்டு அங்குலம் பரப்பினால் பாதிப் பிரச்சினை தீரும்.

வெயில் காலத்தில் பழம் சிவக்காமல் மஞ்சளாகவே நிற்பதும் ரகக் குற்றம் இல்லை. 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது. அடியில் லேசாக நிறம் திரும்பிய செங்காயாகப் பறித்து வீட்டுக்குள் நிழலில் வைத்தால் அழகாகச் சிவக்கும். அணிலுக்கு முன்னால் நாம் பறித்ததாகவும் ஆகும்.

பி.கே.எம்-1, மருதம், பூசா ரூபி வைத்தவர்கள் அடுத்த வருட விதையைக் காசு கொடுத்து வாங்கவேண்டியதில்லை. தக்காளி தன் பூவிலேயே மகரந்தம் சேர்த்துக்கொள்வதால் பெரும்பாலும் கலக்காது. நோயில்லாத செடியில் இரண்டாவது, மூன்றாவது கொத்துப் பழத்தைச் செடியிலேயே நன்றாகப் பழுக்கவிட்டு, விதையோடு சாற்றைத் தம்ளரில் பிழிந்து மூடிவையுங்கள். நம் சூட்டுக்கு 24 மணி நேரத்தில் நுரைக்கும். 36 மணிக்கு மேல் விட்டால் உள்ளேயே முளை விடத் தொடங்கும். கழுவி, மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதைத் தட்டில் பரப்பி நிழலில் நாலைந்து நாள் காயவைக்கவும். காகிதத்தில் காயவைத்தால் ஒட்டிக்கொள்ளும். சாம்பல் பிசிறிக் கண்ணாடிப் புட்டியில் வைத்தால் மூன்று வருடம் முளைக்கும். சந்தையில் வாங்கிய பெங்களூர்த் தக்காளியைப் பிழிந்து விதைப்பவர்களுக்கும் முளைக்கும்தான்; ஆனால் அது ஒட்டின் பிள்ளை, ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

விதை வாங்குகிறவர்கள் படத்தைப் பார்க்காமல் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பார்க்கவேண்டும். ரகப் பெயர், சோதனை தேதி, செல்லுபடியாகும் தேதி, முளைப்புத்திறன் இருக்கும். தக்காளிக்கு முளைப்பு குறைந்தது 70 சதவீதம். ரகப் பெயரே இல்லாமல் 'நாட்டுத் தக்காளி' என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது செடியா கொடியா என்பது கடைக்காரருக்கும் தெரியாது.

தங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். இனி தக்காளிக் குறிப்பு வெளியிடும்போது ரகத்தின் பெயர், செடியா கொடியா, விதைக்கும் மாதம், பையின் அளவு, விதை எடுத்து வைக்கலாமா என்ற ஐந்தையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டு வரிதான் கூடும். ஒத்தக்கடை வேளாண் கல்லூரியிலும் பெரியகுளத்திலும் கேட்டால் நம் பகுதிக்கான விவரம் கிடைக்கும். பக்கக் கிளை கிள்ளும் யோசனைக்கு ஒரு திருத்தமும் வெளியிட்டால் நல்லது. ஐப்பசியில் விதைக்கிறவர்கள் விதை வாங்கவும், தென்னை நார்க்கழிவை ஊறவைத்துத் தொழு உரம் கலந்து வைக்கவும் ஒரு மாதம் வேண்டும் என்பதால், அடுத்த குறிப்பு புரட்டாசிக்குள் வந்தால்தான் பயன்படும்.

இப்படிக்கு,
வீட்டுத் தோட்ட வாசகர்,
திருநகர், மதுரை.